எங்கள் முருங்கை இலை 'டிரை அப்' ஆன கதை

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதைப் படித்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு வருடம், முன்னூறு நானூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ராஜாக்கள் மேடையில் நின்று என்னென்ன புலம்பினார்கள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பில் தேறினேன். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று ஒரு துண்டுச் சொல் வந்து ஒட்டிக்கொண்டால் அந்த வினைச்சொல்லின் குணமே மாறிப்போகும் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கலாம்.

படிப்பு முடிந்ததும் எனக்கு வேலை கிடைத்தது திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் இருக்கிற ஒரு முருங்கை இலைக் கம்பெனியில். இலையை உருவி, கழுவி, நிழலில் வலை விரித்துக் காயவைத்து, பொடியாக அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. நம்மூரில் ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற கீரையை அங்கே குப்பியில் அடைத்து, வேளைக்கு ஒரு கரண்டி என்று பயபக்தியோடு சாப்பிடுகிறார்களாம்.

முதலாளி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். என் சான்றிதழைக் கையில் வாங்கினார், தலைகீழாகப் பிடித்திருந்ததைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, இங்கிலீசு எம்.ஏ.வுங்களா?"

"ஆமாண்ணே."

"அப்ப வெள்ளக்காரங்களுக்கு மெயில் எழுதறது இனி உங்க பொறுப்புங்க."

நேர்முகத் தேர்வு அத்தோடு முடிந்தது. என் ஆங்கிலத்தைச் சோதிக்கிற அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் ஆங்கிலத்தைச் சந்தேகப்படுகிற அளவுக்கு எனக்கு அடக்கம் கிடையாது. பொருத்தம் பிரமாதமாக அமைந்தது.

எங்களுக்கு இருந்த வாடிக்கையாளர்களிலேயே பெரிய ஆள் ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டிலிருந்து பொடி வாங்கும் ஒரு பெண்மணி. அந்த அம்மாவுக்கு நான் எழுதிய முதல் மெயிலில் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். எம்.ஏ. இங்கிலீஷ், 'பாஸ்டு அவுட் இன் திண்டுக்கல்', உங்களுக்கு எழுதுவதில் மிகுந்த மகிழ்ச்சி என்று. மறுநாளே பதில் வந்தது. உங்களுக்கு இப்போது உடம்பு தேவலை என்று நம்புகிறேன், நன்றாக ஓய்வெடுங்கள் என்று முதல் வரி. முன்பின் தெரியாதவளின் உடம்பைப் பற்றி இவ்வளவு அக்கறையா, ஐரோப்பியர்களின் நாகரிகமே தனி என்று நினைத்துக்கொண்டேன். அன்று மதியம் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் அதைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

அடுத்த மாதம் அவர்கள், இலையை எப்படித் தரம் பிரிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பழுத்த இலையையும் காம்பையும் எங்கள் பெண்கள் பொறுக்கித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைத்தான் எழுதினேன். தூக்கிப் போடுவதற்கு 'த்ரோ'. நன்றாக, மேலே தூக்கிப் போடுகிறார்கள் என்பதால் ஒரு 'அப்'. 'அவர் விமன் த்ரோ அப் ஆல் யெல்லோ லீவ்ஸ்' என்று எழுதி, நானே ரசித்து அனுப்பினேன்.

பதிலில் ஒரே கவலை. அந்தப் பெண்களை டாக்டரிடம் காட்டினீர்களா, இது எங்கே நடக்கிறது, பொடி தயாராகிற இடத்துக்கு எவ்வளவு தூரத்தில் என்று வரிசையாகக் கேள்வி.

முதலாளிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "குப்பையத் தூக்கிப் போடறதுக்கு எதுக்குங்க டாக்டரு? ரொம்பத்தான் சுத்தம் பாக்கறாங்க. கையுறை போட்டுக்கிட்டுத்தான் பண்றோம், கொட்டகைக்கு வெளியதான் பண்றோம்னு எழுதிப் போடுங்க அம்மிணி."

அப்படியே எழுதினேன். எல்லோரும் கையுறை அணிந்து, கொட்டகைக்கு வெளியே, வரிசையாக நின்று 'த்ரோ அப்' செய்கிறார்கள், தினம் இரண்டு வேளை. அதற்குப் பதிலே வரவில்லை. வாயடைத்துப் போனார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். அந்த அளவில் அது உண்மையும்கூட.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஐப்பசி வந்தது. அந்த வருடம் விடாத மழை. ஈரக்காற்றில் இலை காயவே இல்லை. கொட்டகையில் பெரிய பெரிய மின்விசிறிகளை வைத்து, வலையைப் புரட்டிப் புரட்டிப் போட்டுத் திண்டாடினோம். அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு பத்து நாள் தள்ளிப்போனது. மெயிலுக்கு மேல் மெயில் வந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, இலை எல்லாம் சலசலவென்று காய்ந்து முடிந்தது. முதலாளி முகத்தில் பத்து நாளைக்குப் பிறகு சிரிப்பு.

"எல்லாம் காஞ்சுருச்சுன்னு அடிச்சு விடுங்க அம்மிணி."

அடித்து விட்டேன். இங்கே கடும் மழை. இருந்தாலும் மகிழ்ச்சியான செய்தி. 'அவர் ஸ்டாக் ஹாஸ் கம்ப்ளீட்லி டிரைடு அப்.'

திங்கட்கிழமை வந்த பதிலை முதலாளிக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். "ரொம்ப வருத்தமா இருக்குங்கறாங்க. இம்புட்டு மழையிலயும் இப்பிடி ஆகும்னு நெனைக்கவே இல்லையாம். பருவநிலை மாற்றம் இம்புட்டுக் கொடுமையாம். நீங்க அதை மகிழ்ச்சியான செய்தின்னு எடுத்துக்கிட்ட பக்குவத்தப் பாராட்டுறாங்களாம்." அதுவரைக்கும் நன்றாகத்தான் வந்தேன். கடைசி வரியை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். "வேற எடத்துல வாங்கிக்கிறாங்களாம்."

முதலாளி உட்கார்ந்துவிட்டார். "காஞ்சுருச்சுன்னுதானுங்களே எழுதுனீங்க?"

"ஆமாண்ணே."

"காஞ்சா சந்தோசந்தானுங்களே படோணும்?"

வெளியே வந்து தரம் பிரிக்கிற கொட்டகையில் போய் நின்றேன். அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு மேற்பார்வையாக ஓர் அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. பத்தாவதோடு நிறுத்தியவர், ஆனால் யாருக்கும் எதற்கும் பயப்படாத வாய். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ என்னான்னு எழுதுன?"

"ஸ்டாக்கு காஞ்சு போச்சுன்னு."

"எப்பிடிக் காஞ்சு போச்சுன்னு? கெணறு வத்துனாலும் காஞ்சு போச்சுங்கோம், கொடியில கெடக்குற சேல ஒணந்தாலும் காஞ்சு போச்சுங்கோம். ரெண்டும் ஒண்ணாத்தா? சரக்கே வத்திப் போச்சுன்னு எழுதிட்டியோ என்னமோ."

அந்த இடத்திலேயே போனை எடுத்து அகராதியைத் தேடினேன். 'டிரை அவுட்' என்றால் ஈரம் போய் உலர்வது. 'டிரை அப்' என்றாலும் ஆறு, குளத்துக்குத் தண்ணீர் வற்றுவதுதான். ஆனால் சரக்கு, வரத்து, உதவி என்று எதையாவது சொல்லி 'டிரை அப்' போட்டால் அது நின்றேபோயிற்று என்று அர்த்தம். எங்களிடம் ஒரு பிடி முருங்கை இலைகூட மிச்சமில்லை என்று, இத்தனை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் என் மேஜைக்குப் போய், அதுவரை அனுப்பிய மெயில்களை எல்லாம் திறந்து, ஒவ்வொன்றாக அகராதியில் போட்டுப் பார்த்தேன். அந்த மத்தியானத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். 'பாஸ் அவுட்' என்று நம்மூரில் கல்லூரி முடித்த அத்தனை பேரும் சொல்கிறோம். நம்மூரைத் தாண்டினால் அதற்கு மயக்கம் போட்டு விழுவது என்று அர்த்தமாம். எம்.ஏ. இங்கிலீஷ், திண்டுக்கல்லில் மயங்கி விழுந்தேன், உங்களுக்கு எழுதுவதில் மகிழ்ச்சி. தூக்கிப் போடுவது 'த்ரோ அவே'. 'த்ரோ அப்' என்றால் வாந்தி எடுப்பது. எங்கள் கம்பெனிப் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே வரிசையாக நின்று, தினம் இரண்டு வேளை மஞ்சள் இலையை வாந்தி எடுக்கிறார்கள். இதைப் படித்த பிறகும் எங்களிடம் பொடி வாங்கிய அந்த அம்மாவின் நெஞ்சுறுதியை நினைத்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதலாளியிடம் 'டிரை அப்' விவகாரத்தை மட்டும் ஒப்புக்கொண்டேன். மற்றதைச் சொல்ல தைரியம் வரவில்லை.

"எம்.ஏ.வுல இதெல்லாஞ் சொல்லித் தர மாட்டாங்களாங்க?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறுபடி மெயில் எழுத யாருக்கும் துணிச்சல் இல்லாததால் வீடியோவில் கூப்பிட்டோம். அந்த அம்மா திரையில் வந்ததும் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் ஒரேயடியாக 'டிரை அப்' ஆனது. பேசாமல் போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். மேற்பார்வை அக்கா ஒரு பிடி இலையை அள்ளி, போனுக்குப் பக்கத்தில் வைத்து நொறுக்கினார். மொறமொறவென்று சத்தம் கேட்டது. "லீஃப் இருக்கு மேடம், நெறைய இருக்கு. ஈரந்தான் இல்ல!" என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாவுக்கு அது தெளிவாகப் புரிந்தது. முருங்கை வாங்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் கம்பெனி சொன்னதில் அவர்களுக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் மிகவும் கவனமாகிவிட்டேன். இந்தத் துண்டுச் சொற்களை எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டேன். அக்கா கொட்டகையில் வேலை வாங்குவதைக் கேட்கக் கேட்க, எனக்கு இத்தனை நாள் தெரியாதது ஆங்கிலம் மட்டும்தானா என்று தோன்றியது. "அந்த மூட்டைய எடுத்து வை" என்பார். மெதுவாகச் செய்கிறவளிடம் "எடுத்துத் தொல" என்பார். சொல்லிவிடு, சொல்லி வை, சொல்லித் தொலை, இந்த மூன்றையும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நாம் படித்ததில்லை, ஒரு நாளும் மாற்றிச் சொன்னதும் இல்லை. வெள்ளைக்காரர்கள் வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அப்' போட்டுச் செய்கிற அக்கிரமத்தைத்தான் நாம் 'தொலை' போட்டுச் செய்துகொண்டிருக்கிறோம். இந்தக் கண்டுபிடிப்பை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். உடனே எனக்கு ஆங்கிலம் முழுவதும் வந்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு வந்தது. அதுதான் தப்பு.

அந்தத் திங்கட்கிழமை முதலாளியின் பேத்திக்குப் பழனியில் முடியெடுப்பு என்பது அவருக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. "வியாழக்கெழமைக்குத் தள்ளி வெச்சுக்கலாம்னு மரியாதையா எழுதுங்க அம்மிணி."

நோட்டைத் திறந்தேன். 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்வது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப் போடுவது. பழைய நானாக இருந்தால் முதலாவதைப் போட்டு அந்த அம்மாவின் பயணத்தையே ரத்து செய்திருப்பேன். சரியானதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் முதலாளி மரியாதையாக எழுதச் சொல்லியிருந்தாரே. செயப்பாட்டு வினை போட்டால் மரியாதை கூடும் என்று நானாக முடிவு செய்து, 'வீ ஆர் புட் ஆஃப் பை யுவர் விசிட்' என்று ஆரம்பித்து, தயவுசெய்து வியாழக்கிழமை வரவும் என்று முடித்தேன்.

அனுப்பிவிட்டு, சும்மா ஒரு திருப்திக்காக அகராதியைப் பார்த்தேன். இப்படித் திருப்பிப் போட்டால் 'புட் ஆஃப்' என்பதற்குத் தள்ளிப் போடுவது என்கிற அர்த்தமே ஓடிப்போய்விடுமாம். வெறுத்துப் போவது என்று ஆகிவிடுமாம். உங்கள் வருகையை நினைத்தாலே எங்களுக்குக் குமட்டுகிறது, தயவுசெய்து வியாழக்கிழமை வரவும்.

பதில் வருவதற்குள் மெயில் பெட்டியை நாற்பது தரம் திறந்து பார்த்தேன். வந்தது. வியாழக்கிழமை வருகிறேன், அதற்குள் உங்கள் மனது மாறியிருக்கும் என்று நம்புகிறேன் என்று ஒரே வரி.

வியாழக்கிழமை வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், கொட்டகை வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. இலையைப் பார்த்தார்கள், கழுவுகிற தொட்டியைப் பார்த்தார்கள். மஞ்சள் இலையைப் பொறுக்குகிற பெண்களிடம் வந்தபோது மட்டும் இரண்டடி தள்ளியே நின்று, அவர்கள் வாயையே பார்த்தார்கள். ஒருத்தி மஞ்சள் இலையைக் கூடையில் போட்டாள். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓ... த்ரோ அவே!" என்றார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

ஆபீசில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்கள். உள்ளே என் மெயில்கள். பிரிண்ட் போட்டு, வரிசையாக அடுக்கி. எங்கள் ஊர் ஆபீசில் திங்கட்கிழமை காலையில் யாருக்கும் வேலை ஓடாது, அப்போது இதைத்தான் சத்தமாகப் படிப்போம், உங்களுக்கு அங்கே விசிறிகள் உண்டு என்று அன்பாகச் சொன்னார்கள். கேலி என்று சொல்ல முடியாது. பிடித்துப்போய்த்தான் சொன்னார்கள். அதனாலேயே கூடுதலாகச் சுட்டது. நானும் சிரித்தேன். முதல் வகுப்பில் தேறியவர்கள் எப்படிச் சிரிப்பார்களோ அப்படி.

பின்பக்கத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார்.

"என்னாத்தா சொன்னா அந்தப் பொம்பள?"

"என் லெட்டரு ரொம்ப நல்லா இருக்காம்."

"அப்பறம் எதுக்கு மூணு தரமா மொகத்தக் கழுவுற?"

அக்கா தன் முந்தானையை நீட்டினார். துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டில். அவர் மனைவி விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தார். தொட்டுக்கொள்ள ஏழெட்டு வெஞ்சனம், குழம்பில் இரண்டு தினுசு, பாயசம். அந்த அம்மா ரசித்துத்தான் சாப்பிட்டார்கள். மூன்றாவது முறை சோற்றுக் கரண்டி இலைப் பக்கம் வந்தபோது, இரண்டு கையாலும் இலையை மறைத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, "நோ நோ, தேங்க் யூ. ஐ ஆம் ஃபெட் அப்!" என்று சிரித்தார்கள்.

கரண்டியோடு நின்ற முதலாளியின் மனைவி என்னைப் பார்த்தார். "என்னங்க சொல்றாங்க?"

என் நோட்டில் அது இருந்தது, பதினோராம் பக்கம். 'ஃபெட் அப்' என்றால் சலித்துப் போய்விட்டது, வெறுத்துவிட்டது. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த அம்மாவுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பது அந்த நொடியில்தான் என் மண்டையில் ஏறியது. இத்தனை மாதமும், இங்கிலாந்து ராணியே எனக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி அல்லவா நான் நடுங்கியிருக்கிறேன்! உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தால் போதும். உங்கள் சாப்பாடு வெறுத்துப் போச்சாம் என்று. அந்த ஃபைலுக்கு அது ஈடாகிவிடும். ஒரு இரண்டு நொடி நான் அப்படி யோசித்தது நிஜம். மறைப்பானேன்.

"வயிறு நெறஞ்சுருச்சாம். ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்றேன்.

முதலாளியின் மனைவி பூரித்துப்போய் மேலும் ஒரு கரண்டி வைத்தார்.

சாப்பிட்டுவிட்டு அந்த அம்மா கொடைக்கானல் போக வேண்டியிருந்தது. வத்தலக்குண்டு வரை காரில் நானும் போனேன், வழி காட்டுவதற்கு. டிரைவருக்கு வழி நன்றாகத் தெரியும். போகிற வழியில் மெல்ல ஆரம்பித்தேன். வயிறு நிறைந்தால் 'ஃபுல்' என்றால் போதும் மேடம், 'ஃபெட் அப்' என்றால் வேறே என்று விளக்கினேன். அவர்கள் கழுத்தில் தொடங்கிய சிவப்பு முகம் வரை ஏறியது.

"இருபது வருடமாக இப்படித்தான் சொல்கிறேன். போகிற வீட்டில் எல்லாம்!" என்றார்கள். "லண்டனில் ஒரு குடும்பம் விருந்துக்குக் கூப்பிட்டது. அப்புறம் கூப்பிடவே இல்லை. என்ன காரணம் என்று என் கணவரும் நானும் வருடக்கணக்காக யோசித்தோம்" என்றார்கள்.

அதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. எனக்கு எழுதுகிற ஒவ்வொரு மெயிலையும் அவர்களும் அகராதியை வைத்துக்கொண்டுதான் எழுதுவார்களாம். எம்.ஏ. இங்கிலீஷ் படித்த ஒருத்திக்கு எழுதுகிறோமே என்று பயமாம். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் கண்ணாடியில் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து அந்த மெயில் வந்தது. முதலாளி என் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கறாங்களா, இல்லீங்களா?"

மெயிலில் இரண்டு வரிதான். முதல் வரியில், வந்தபோது எடுத்துப்போன சாம்பிளை 'வென்ட் த்ரூ' என்று இருந்தது. இரண்டாவது வரியில் பாதி ஆர்டரை 'கோ த்ரூ வித்' என்று இருந்தது. ஒரே வினைச்சொல், ஒரே வால், ஒன்றுக்கு மட்டும் வாலுக்கு ஒரு வால். முன்பெல்லாம் முதலாளி கேள்வியை முடிக்கும் முன்பே நான் பதில் சொல்லிவிடுவேன். எம்.ஏ. அல்லவா.

"தெரியலண்ணே. செத்த நேரம் இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியலீங்களா?"

"தெரியல."

அகராதியைத் திறந்து, ஒரு தரத்துக்கு இரண்டு தரமாகப் படித்தேன். 'கோ த்ரூ' என்றால் கஷ்டத்தை அனுபவிப்பது என்றும் வரும், ஒன்று விடாமல் பரிசோதிப்பது என்றும் வரும். எங்கள் சாம்பிளைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தும்தான். பரிசோதித்தார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். 'கோ த்ரூ வித்' என்றால், தயங்கின காரியத்தைச் செய்து முடித்தே தீருவது.

"வாங்குறாங்கண்ணே. மொதல்ல சொன்னதுல பாதி."

முதலாளி கையெடுத்துப் பழனிப் பக்கமாகக் கும்பிட்டார். பிறகு, சட்டுப்புட்டென்று ஒரு பதிலைப் போட்டு விடுங்க என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போன் பண்ணப் போனார். நான் நோட்டையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், 'அப்' வருகிற இடத்தை எல்லாம் வெட்டினேன், 'அவுட்'டை நம்பவே இல்லை. அவர் திரும்பி வந்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் அனுப்பி முடித்தேன்.

"என்னங்க அம்மிணி எழுதுனீங்க?"

"நன்றின்னு எழுதுனேண்ணே."

"அதுக்கு ஒன்றரை மணி நேரமுங்களா?"